நைரோபியிலிருந்து கேப் டவுன் வரை நான்கு மாதச் சாலைப் பயணம்: மருத்துவ ஏற்பாடுகளுக்கு ஆலோசனை தேவை

செம்மண்தடம் | மார்ச் 3, இரவு 9.10

வணக்கம். ஜூலை முதல் வாரத்தில் நைரோபியில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து, உகாண்டா, ருவாண்டா, தான்சானியா, மலாவி, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா வழியாகக் கேப் டவுன் வரை போவதாக இருக்கிறோம். வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூடாரத்தில்தான் பெரும்பாலான இரவுகள். நான் (39), என் மனைவி (36), சித்தப்பா (63) என மூன்று பேர். உண்மையில் இது சித்தப்பாவின் கனவு. ஓய்வு பெற்ற அன்றே வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டியவர் அவர்.

விசா, வண்டிப் பத்திரங்கள் எல்லாம் ஒரு வழியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மருத்துவ விஷயத்தில்தான் குழப்பம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்று தெரியும். அது போக வேறு என்னென்ன ஊசி? மலேரியாவுக்கு நான்கு மாதமும் மாத்திரை சாப்பிட வேண்டுமா? மருந்துப் பெட்டியில் என்ன வைக்க வேண்டும்? சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார். மூட்டு வலிக்கும் ஏதோ மாத்திரை எடுக்கிறார். மற்றபடி எங்களைவிட வேகமாக நடப்பார்.

காட்டுப்பாதை | மார்ச் 3, இரவு 10.45

வாழ்த்துகள் தம்பி. 2019இல் நான் பைக்கில் கிட்டத்தட்ட இதே வழியில் போனேன். நல்லவேளையாக மார்ச்சிலேயே கேட்டீர்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு வந்து கேட்பவர்கள்தான் அதிகம். சில ஊசிகளுக்கு இடைவெளி வேண்டும், சில மருந்துகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பெட்டியைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: மூவரும் பல் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு மலாவியில் கடைவாய்ப்பல் வீங்கி மூன்று நாள் தூக்கமில்லை. அருகில் நல்ல பல் மருத்துவமனை என்றால் 300 கி.மீ. தள்ளி.

பொதுமருத்துவர்_மதுரை | மார்ச் 4, காலை 6.30

ஊசிப் பட்டியலுக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. சித்தப்பா மூட்டு வலிக்கு எடுப்பது என்ன மாத்திரை? வெறும் வலி மாத்திரையா, முடக்குவாதத்துக்கு நீண்ட நாளாக எடுக்கும் மருந்தா? அட்டையைப் பார்த்து மருந்தின் பெயரை எழுதுங்கள். பதில் தெரியாமல் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள்.

செம்மண்தடம் | மார்ச் 4, காலை 8.05

டாக்டர், இப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை. கூடவே ஃபோலிக் ஆசிட். ஆறு வருடமாக எடுக்கிறாராம். அடுத்த திங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மூவருக்கும் ஊசிக்குப் போவதாக இருந்தோம்.

பொதுமருத்துவர்_மதுரை | மார்ச் 4, மதியம் 1.40

அவரை அழைத்துப் போக வேண்டாம். நீங்கள் இருவரும் போங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். 1930களில் மாக்ஸ் தெய்லர் உருவாக்கிய 17டி என்ற அதே வகைதான் இன்றும் பயன்படுகிறது. 1951இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல ஊசி, ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த வீரியம் குறைந்த வைரஸை அடக்கினால்தான் அது தடுப்பூசி. மெத்தோட்ரெக்சேட் அந்த எதிர்ப்புச் சக்தியைத்தான் குறைத்து வைக்கிறது. அப்படிப்பட்ட உடம்பில் ஊசியின் வைரஸே ஈரல், மூளை என்று பரவி நோயாக மாறலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு எந்த மருந்தும் எடுக்காவிட்டாலும் இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். அது மிக அரிது, அதனால் 60ஐத் தாண்டிவிட்டாலே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், யோசித்து முடிவெடுக்கலாம். ஆனால் வயதும் இந்த மருந்தும் சேர்ந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஊசிக்காகத் தானாக மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவதும் தவறு. மூட்டு மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

சர்க்கரை நோய் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த ஊசியில் தடையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்கள் பயப்படக் கூடாது. முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், தைமஸ் சுரப்பியில் நோய் உள்ளவர்கள் அல்லது அதை அகற்றியவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் மனைவி ஊசி போட்டபின் நான்கு வாரம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

செம்மண்தடம் | மார்ச் 4, இரவு 8.20

படித்ததும் கை நடுங்கிவிட்டது டாக்டர். திங்கட்கிழமை போயிருந்தால் அங்கே கேட்டிருப்பார்கள்தான், ஆனால் சித்தப்பா "மூட்டு வலி மாத்திரை" என்று மட்டும் சொல்லியிருப்பார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மருத்துவ விலக்குச் சான்றிதழ் என்று ஒன்று உண்டாமே, அதை வாங்கிக்கொண்டு போக முடியாதா?

பொதுமருத்துவர்_மதுரை | மார்ச் 4, இரவு 10.15

உண்டு. ஊசி போட்டதைப் பதிந்து தரும் மஞ்சள் புத்தகத்திலேயே அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த நாட்டு எல்லை அதிகாரியின் விருப்பம். அதைவிட முக்கியமான விஷயம், கொசு சான்றிதழ் பார்த்துக் கடிப்பதில்லை. 2022இல் கென்யாவின் இசியோலோ பகுதியில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. உகாண்டாவிலும் அதே ஆண்டு வந்தது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த 63 வயதுக்காரரை, இன்சுலினோடு, தடுப்பூசி இல்லாமல், கூடாரத்தில் படுக்க வைப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. வழியை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

லுசாகா_வாசி | மார்ச் 5, காலை 11.30

நான் ஜாம்பியாவில் 11 வருடமாக இருக்கிறேன். சித்தப்பாவைப் பற்றிப் படித்தேன், மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு யோசனை.

நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா மூன்றும் மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாடுகள். நீங்கள் இருவரும் நைரோபியிலிருந்து வாருங்கள். சித்தப்பா கடைசி ஐந்து ஆறு வாரத்துக்கு நேராக நமீபியத் தலைநகர் விண்டுஹூக் வந்து சேரட்டும். சோசுஸ்வ்ளே மணல்மேடு, ஃபிஷ் நதிப் பள்ளத்தாக்கு, கேப் டவுன் எல்லாம் அவருக்குக் கிடைக்கும். மலேரியா பயமும் விண்டுஹூக்குக்குத் தெற்கே இல்லை.

விமான டிக்கெட் எடுக்கும்போது கவனம் தேவை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவாக இருக்கும். அவை இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் உள்ளவை. 12 மணி நேரத்துக்கு மேல் அங்கே காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் சான்றிதழ் கேட்கும். விமானம் தாமதமானால் அந்த 12 மணி நேரம் எளிதாகத் தாண்டிவிடும். துபாய், ஜோகன்னஸ்பர்க் வழியாக வருவதே அவருக்கு நல்லது. திரும்பும்போதும் அப்படியே. மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் இந்தியாவில் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

நர்ஸ்_நீலாங்கரை | மார்ச் 5, மாலை 4.00

லுசாகா அண்ணன் சொன்னது நல்ல யோசனை. ஊசிக்குப் போகும் உங்கள் இருவருக்கும் சில விஷயங்கள். அசல் பாஸ்போர்ட் கொண்டு போங்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணை எழுதுவார்கள், அதனால் பாஸ்போர்ட் காலாவதி ஆகும் நிலையில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். குப்பியைத் திறந்து கலக்கினால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். கிண்டியில் இடம் கிடைக்காவிட்டால் சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பழைய கட்டுரைகளில் பத்து வருடம் வரை செல்லும் என்று இருக்கும், 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுள் முழுமைக்கும் செல்லும்.

நிலவேம்பு | மார்ச் 5, இரவு 7.50

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு ஊசியும் மாத்திரையும் தேவையா? நாம் கொசுக்கடியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். என் பெரியப்பாவுக்கு மூன்று முறை மலேரியா வந்து போயிருக்கிறது. நான்கு மாதம் தினமும் மாத்திரை சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும்? டெங்கு காலத்தில் ஊரே நிலவேம்புக் குடிநீர் குடித்தது. அதையே சூரணமாக எடுத்துப் போகலாமே.

மழைக்குருவி | மார்ச் 5, இரவு 11.35

நான் இங்கே அதிகம் எழுதுபவள் இல்லை. மேலே உள்ள பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் நான்கு வருடம் முன்பு வேலை விஷயமாக மூன்று வாரம் உகாண்டா போய் வந்தார். "நமக்கு மலேரியா பழகின நோய்தானே" என்று இதே வார்த்தையைச் சொல்லி மாத்திரை எடுக்கவில்லை. திரும்பி வந்த ஒன்பதாம் நாள் காய்ச்சல். மழைக்காலம். பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் டெங்குவாக இருக்கும் என்று சொல்லி ரத்தத்தட்டு எண்ணிக்கையைப் பார்த்தார்கள், குறைந்திருந்தது, அதனால் டெங்கு என்றே முடிவு செய்துவிட்டார்கள். எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் இரவு அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் யார்?" என்று கேட்டார். வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இரவுப் பணியில் இருந்த ஒரு சின்ன வயது டாக்டர் முதல் கேள்வியாகவே, "கடந்த மூன்று மாதத்தில் வெளியூர், வெளிநாடு எங்காவது போனாரா?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. ஃபால்சிபரம் மலேரியா. ஆர்ட்டிசுனேட் ஊசி, ஐ.சி.யூ.வில் ஆறு நாள், இரண்டு முறை டயாலிசிஸ். பிழைத்துவிட்டார். இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள்.

தயவுசெய்து மாத்திரை சாப்பிடுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

பொதுமருத்துவர்_மதுரை | மார்ச் 6, காலை 7.00

சகோதரி, இதை எழுதியதற்கு நன்றி. இந்த இழையில் நான் சொல்ல நினைத்தவற்றில் முக்கியமானது இதுதான், நீங்கள் அனுபவமாகவே சொல்லிவிட்டீர்கள்.

நிலவேம்பு நண்பருக்கு: உங்கள் சந்தேகம் நியாயமானது, பலருக்கும் இருக்கிறது. உங்கள் பெரியப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் வைவாக்ஸ் வகையாக இருந்திருக்கும். தமிழ்நாட்டில் அதுதான் அதிகம். ஈரலில் ஒளிந்திருந்து திரும்பத் திரும்ப வரும், உடம்பை உருக்கும், ஆனால் உயிரைப் பறிப்பது குறைவு. சகாராவுக்குத் தெற்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபரம். அந்தக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். மூளையில் அடைத்தால் நினைவு தப்பும், சிறுநீரகத்தில் அடைத்தால் அது நின்றுபோகும். முதல் காய்ச்சலிலிருந்து சில நாட்களிலேயே இது நடந்துவிடும். உலகில் மலேரியாவால் இறப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு ஆப்பிரிக்காவில்தான். பழக்கத்தால் வரும் எதிர்ப்பு என்பது அங்கேயே பிறந்து வருடா வருடம் கடிபட்டவர்களுக்குப் பகுதியளவில் உண்டு. அவர்களே சில வருடம் வெளியூரில் இருந்துவிட்டால் அதுவும் குறைந்துவிடுகிறது. நமக்கு அது இல்லை.

மூலிகையை நான் இழிவாகப் பேசமாட்டேன். இன்று மலேரியாவுக்கு முதல் மருந்தான ஆர்ட்டிமிசினினே ஒரு செடியிலிருந்து வந்ததுதான், அதைப் பிரித்தெடுத்த சீன விஞ்ஞானி து யூயூ 2015இல் நோபல் பெற்றார். ஆனால் அது அளவு தெரிந்து, சோதித்து, மாத்திரையாக வந்தபின்தான் உயிர் காக்கிறது. நிலவேம்புக் குடிநீர் ஃபால்சிபரத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

இனி மாத்திரை. குளோரோகுயின் அந்த வழி முழுக்கப் பயன்படாது, கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. மிச்சம் மூன்று. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினமும் ஒன்று, மலேரியா பகுதிக்குள் நுழைவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, வெளியேறி நான்கு வாரம் வரை. விலை குறைவு, நான்கு மாதப் பயணத்துக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். வெயிலில் தோல் சட்டென்று கருகும், பெண்களுக்கு வெள்ளைப்படுதல் வரலாம், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணியாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். பாலோடும் இரும்பு, கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. அடுத்து அடோவகுவோன்-புரோகுவனில். பக்கவிளைவு குறைவு, வெளியேறி ஏழு நாள் போதும், ஆனால் விலை அதிகம். மூன்றாவது மெஃப்ளோகுயின், வாரம் ஒன்று. கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு வரலாம், மனநலப் பிரச்சினையோ வலிப்போ இருந்தவர்களுக்குக் கூடாது. எடுப்பதானால் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கினால் ஒத்துக்கொள்கிறதா என்று ஊரிலேயே தெரிந்துவிடும்.

எந்த மாத்திரையும் நூறு சதவீதம் காக்காது. அதனால்தான் காய்ச்சல் விதி. மலேரியா பகுதிக்குள் நுழைந்து ஏழு நாளுக்குப் பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், சளியோடு வந்தாலும், வயிற்றுப்போக்கோடு வந்தாலும், 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை. முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடியும், தேவைப்பட்டால் மூன்றாவது முறையும். ஊர் திரும்பி மூன்று மாதம் வரை இந்த விதி அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு வரும் காய்ச்சலிலும் பயணத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிலவேம்பு | மார்ச் 6, காலை 9.15

புரிந்தது டாக்டர். மழைக்குருவி அக்கா, உங்கள் கணவர் நலமாக இருக்கட்டும். என் தங்கை மாப்பிள்ளை டார் எஸ் சலாமில் இருக்கிறார், இந்த இழையை அவருக்கு அனுப்பிவிட்டேன்.

மருந்துக்கடை_சேலம் | மார்ச் 6, மாலை 5.30

அடோவகுவோன்-புரோகுவனில் எங்கள் பக்கம் ஸ்டாக் வைப்பதில்லை, சொல்லி வரவழைக்க நாளாகும். டாக்ஸிசைக்ளின் எங்கும் கிடைக்கும். மலேரியா வந்தால் குணப்படுத்தும் ஆர்ட்டிமெதர்-லூமிஃபேன்ட்ரினும் கிடைக்கும். அதைக் கட்டாயம் ஆளுக்கு ஒரு முழு கோர்ஸ் டாக்டர் சீட்டோடு வாங்கி வையுங்கள். மருத்துவமனை ஒரு நாள் தூரத்துக்கு மேல் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் தொடங்குவதற்கு. பெரியவர்களுக்கு 20/120 மாத்திரை ஒரு வேளைக்கு நான்கு, மூன்று நாளில் ஆறு வேளை, ஆக 24 மாத்திரை. முதல் இரண்டு வேளைக்கு இடையே 8 மணி நேரம், பிறகு காலை மாலை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும், ஒரு டம்ளர் பாலாவது குடிக்க வேண்டும். எடுக்கத் தொடங்கிவிட்டோம் என்று சும்மா இருக்கக் கூடாது, மருத்துவமனையை நோக்கி வண்டி போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லா மருந்தையும் இங்கிருந்தே அட்டையோடு, பில்லோடு கொண்டு போங்கள். போலி மருந்து அங்கே பெரிய பிரச்சினை. வளரும் நாடுகளில் மருந்துகளில் பத்தில் ஒன்று தரம் குறைந்தது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் சொன்னது. வழியில் வாங்க வேண்டி வந்தால் பெரிய ஊரின் பெரிய பார்மசியில் வாங்குங்கள், சந்தையில் வேண்டாம்.

லுசாகா_வாசி | மார்ச் 6, இரவு 8.00

மருந்துக்கடை நண்பர் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் மருந்துகள் சில இங்கே சட்டச் சிக்கல். டைஃபென்ஹைட்ரமின் உள்ள இருமல் மருந்து, ஒவ்வாமை மாத்திரை ஆகியவற்றை வைத்திருந்ததற்காக ஜாம்பியாவில் வெளிநாட்டவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கோடீன் கலந்த சிரப், டிரமடால் வலி மாத்திரை இரண்டும் வேண்டவே வேண்டாம். எகிப்தில் 2017இல் டிரமடால் மாத்திரை கொண்டு போன ஒரு பிரிட்டிஷ் பெண்ணுக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது. சளிக்கு செட்டிரிசின், வலிக்கு பாராசிட்டமால் போதும். சித்தப்பாவின் மருந்துகளுக்கு டாக்டர் கையெழுத்திட்ட கடிதம், மருந்தின் வேதிப்பெயரோடு, ஆங்கிலத்தில். மருந்துகளைப் பிளாஸ்டிக் கேரி பேக்கில் போட்டுக் கொண்டு வராதீர்கள், கென்யா, ருவாண்டா, தான்சானியா மூன்றிலும் தடை. துணிப்பை நல்லது.

மருத்துவமனை பற்றிப் பயப்பட வேண்டாம். மலேரியாவை இங்குள்ள நர்ஸ்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. சின்ன கிளினிக்கில்கூடக் காய்ச்சல் என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் நுனியைக் குத்தி, கால் மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டு முறையும் முதல் நாளே கண்டுபிடித்து மூன்று நாளில் எழுந்துவிட்டேன்.

மலாவி எல்லையை ஒட்டிய சிபாட்டா வழியாக நுழைந்து தெற்கு லுவாங்வா வனவிலங்குப் பூங்காவுக்குப் போவீர்கள் என்றால் செட்சி ஈக்கள் உண்டு. மெல்லிய துணியைத் துளைத்துக் கடிக்கும். நீலமும் கறுப்பும் அவற்றை ஈர்க்கும், இங்கே வைக்கும் ஈப்பொறிகளே அந்த நிறத் துணிதான். அதனால் ஜீன்ஸ் வேண்டாம், காக்கி அல்லது பழுப்பு நிறத்தில் கெட்டித் துணி. நகரும் வண்டியைத் துரத்தி வரும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். சாலையில் கையில் வலையோடு வண்டியைச் சுற்றிப் பார்க்கும் சோதனைச் சாவடிகள் உண்டு, பொறுமையாக நில்லுங்கள். கடித்த இடம் புண்ணாகித் தடித்துக் காய்ச்சலும் வந்தால், மலேரியா இல்லை என்று வந்தாலும் அதோடு விடாதீர்கள், இந்த ஈக்கள் பரப்பும் தூக்க நோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்டுப்பாதை | மார்ச் 7, காலை 10.20

சொன்னபடி பெட்டி பற்றி. மலேரியா, ஊசி எல்லாம் டாக்டர் சொல்லிவிட்டார், நான் சாலையில் கற்றதைச் சொல்கிறேன்.

பெரிய ஆபத்து கொசுவோ சிங்கமோ இல்லை, சாலைதான். மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் சாலை விபத்துச் சாவு உலகிலேயே அதிகம் ஆப்பிரிக்கக் கண்டத்தில். இருட்டியபின் ஓட்டாதீர்கள். விளக்கில்லாத லாரி, ஆடு, மாடு, நடந்து போகும் மனிதர் எல்லாம் ஒரே சாலையில். ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கே கூடாரம். பெட்டியில் ரத்தம் நிறுத்தும் பெரிய கட்டுத்துணி, டூர்னிக்கெட் (ரத்தம் நிற்கக் கை காலில் இறுக்கும் பட்டை), கையுறை வையுங்கள், இருவரும் முதலுதவிப் பயிற்சி ஒரு நாளாவது எடுங்கள். ரத்த வகையை எழுதி வண்டியின் முன்பக்கம் வையுங்கள். சுத்தமான சிரிஞ்ச், ஊசி, தையல் பொருட்கள் ஒரு பொட்டலம், அதற்கும் டாக்டர் கடிதம்.

காப்பீடு எடுக்கும்போது விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவு எவ்வளவு வரை, வாடகை வண்டியை நீங்களே ஓட்டினால் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் 1957இலிருந்து அங்கே இருக்கிறார்கள். பயணிகளுக்குக் குறுகிய கால உறுப்பினர் திட்டம் வைத்திருக்கிறார்கள். கிழக்குப் பகுதிக்கு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மலாவி ஏரி. பார்த்தால் கடல் மாதிரி, நீலமாக, குதிக்கத் தோன்றும். கேப் மக்ளியர் கரையில் நானும் குதித்தேன். அதில் பிலார்சியா உண்டு. தண்ணீரில் இருக்கும் நத்தைகளிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத புழு, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரே சோர்வு, தோல் அரிப்பு, சிறுநீரில் ரத்தம். இந்தியாவில் இந்த நோய் கிட்டத்தட்ட இல்லாததால் ஒரு டாக்டருக்கும் தோன்றவில்லை, கல்லுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நானே ஏரியைப் பற்றிச் சொன்னபிறகுதான் பிரசிகுவான்டல் கொடுத்தார்கள், இரண்டு வேளையில் சரியாயிற்று. குளிக்காமல் இருப்பது உத்தமம். குளித்துவிட்டால் தேதியைக் குறித்து வையுங்கள். அந்த மருந்து இளம்புழுவைக் கொல்லாது, அதனால் உடனே சாப்பிட்டுப் பயனில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்யுங்கள்.

துணி காயப்போடும் விஷயம் யாரும் சொல்வதில்லை. உகாண்டா, மலாவி, ஜாம்பியா பக்கம் ஈரத்துணியில் முட்டையிடும் மாம்பழ ஈ என்று ஒன்று உண்டு. போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் வளர்ந்து கொப்புளம் மாதிரி வீங்கும். வெளியே காயப்போட்ட உள்ளாடை உட்பட எல்லாவற்றுக்கும் இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டி இல்லாத இடத்தில் கூடாரத்துக்குள் காயப்போடுங்கள்.

பாம்பு விஷமுறிவு மருந்தை இங்கிருந்து வாங்கிப் போகலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். கூடாது. நம் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கும் விஷம் இப்படித்தான் மருந்தாகிறது. ஆப்பிரிக்கப் பாம்புகளின் விஷம் வேறு. இந்தியாவில் தயாரான பொருந்தாத மருந்தைக் கானாவில் பயன்படுத்தியபோது இறப்பு 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது 12 சதவீதமாக உயர்ந்தது. இரவில் டார்ச், கணுக்கால் மூடும் பூட்ஸ், காலையில் பூட்ஸை உதறிப் போடுவது, அவ்வளவுதான் நம் கையில்.

நர்ஸ்_நீலாங்கரை | மார்ச் 7, மாலை 6.45

வயிற்றுப்போக்கைச் சேர்த்துவிடுகிறேன், அது நிச்சயம் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு இருபதாவது. 1971இல் வங்க அகதிகள் முகாமில் திலீப் மஹாலனபிஸ் டிரம்மில் கரைத்துக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய அதே உப்புச் சர்க்கரைக் கரைசல்தான், இன்றும் அதற்கு மேல் மருந்தில்லை. போக்கை நிறுத்தும் லோபெராமைட் நீண்ட பஸ், படகுப் பயண நாளுக்கு மட்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடக்கூடாது, அப்போது டாக்டர் எழுதித் தரும் அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக். சித்தப்பாவுக்கு ஒன்று குறித்துக்கொள்ளுங்கள், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்குக் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கவே கூடாது. தெரியாத கிளினிக்கில் வயிற்றுக்கென்று அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

ஜாம்பியா, மலாவியில் காலரா அவ்வப்போது பெரிதாக வருகிறது. 2024 ஜனவரியில் லுசாகாவில் விளையாட்டு அரங்கத்தையே சிகிச்சை மையமாக்கினார்கள். கொதிக்க வைத்த தண்ணீர், சூடான சாப்பாடு.

ரேபிஸ் முன்தடுப்பு ஊசியை விட்டுவிடாதீர்கள். நாள் 0, நாள் 7, இரண்டே ஊசி. இதைப் போட்டிருந்தால் நாய் கடித்தபின் இன்னும் இரண்டு ஊசி போதும். போடாவிட்டால் காயத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் (தயாரான எதிர்ப்பொருள்) வேண்டும், அது அந்த வழியில் பல ஊர்களில் கிடைக்காது. எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சித்தப்பாவின் நிலையில் முன்பு ஊசி போட்டிருந்தாலும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படும், அவர் குரங்கு, நாய் பக்கமே போக வேண்டாம்.

இன்சுலின்: விமானத்தில் கைப்பையில்தான், லக்கேஜில் போட்டால் உறைந்து கெட்டுவிடும். இருவர் பையிலும் பாதிப் பாதி. பயன்பாட்டில் உள்ளது 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 28 நாள் தாங்கும். நமீபியப் பகல் வெயிலில் வண்டிக்குள் அந்தச் சூடு சுலபமாகத் தாண்டும். தண்ணீரில் நனைத்தால் மண்பானை போல ஆவியாகிக் குளிரும் பைகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஐஸ் தேவையில்லை. ஐஸ் பெட்டியில் நேரடியாக வைத்து உறைந்துபோனால் அந்த இன்சுலினைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பொதுமருத்துவர்_மதுரை | மார்ச் 8, காலை 6.50

மிச்ச ஊசிகள்: உங்கள் இருவருக்கும் டைபாய்டு கான்ஜுகேட், டெட்டனஸுக்கான டி.டி. பூஸ்டர், ஹெபடைட்டிஸ் பி போடாவிட்டால் அது. ஹெபடைட்டிஸ் ஏ நம் தலைமுறையில் பலருக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும், ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துவிட்டு இல்லையென்றால் போடலாம். மூளைக்காய்ச்சல் ஊசி செனகலிலிருந்து எத்தியோப்பியா வரையான பட்டைக்கு, உங்கள் வழிக்கு அவசியமில்லை. சித்தப்பாவுக்கு டைபாய்டு, டி.டி., நிமோகோக்கல், ஃப்ளூ, எல்லாம் உயிரற்ற ஊசிகள், தடையில்லை. எச்.ஐ.வி. பரவலான பகுதி என்பதால், பயன்படுத்திய ஊசியோ ரத்தமோ பட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் இன்னும் நல்லது.

செம்மண்தடம் | மே 11, இரவு 9.30

இரண்டு மாதமாகிவிட்டது, தகவல் சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் எல்லா ஊசியும் முடிந்தது. மனைவிக்கு ஒரு பல்லில் வேர் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது, காட்டுப்பாதை அண்ணனுக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள். இருவருக்கும் டாக்ஸிசைக்ளின், கூடவே 24 மாத்திரைப் பெட்டி இரண்டு.

சித்தப்பாவிடம் சொன்ன நாள் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் வரைபடத்தில் விண்டுஹூக்கைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "ஆரஞ்சு நதிக் கரையில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க முடியுமா?" என்று கேட்டார். அக்டோபரில் துபாய், ஜோகன்னஸ்பர்க் வழியாக வருகிறார். மூட்டு மருத்துவர், சர்க்கரை மருத்துவர் இருவரும் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. விரலில் குத்திப் பார்க்கும் மலேரியா கிட் பத்து வாங்கியிருக்கிறோம். வண்டிச் சூட்டில் அவை கெட்டுப்போகுமா?

மருந்துக்கடை_சேலம் | மே 12, காலை 8.40

பெட்டியின் பக்கவாட்டில் எத்தனை டிகிரி வரை என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 30, சிலவற்றில் 40. டாஷ்போர்டு பக்கம் வேண்டாம். சீட்டுக்கு அடியில், துணியில் சுற்றி, நிழலில் வையுங்கள். உறையைப் பயன்படுத்தும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஈரம் உறிஞ்சும் சின்னப் பாக்கெட் நிறம் மாறியிருந்தால் அந்தக் கிட்டை நம்பாதீர்கள். கோடு விழுவதைக் காட்டும் படத்தை இப்போதே ஒரு முறை இருவரும் பார்த்துவிடுங்கள், காய்ச்சலோடு டார்ச் வெளிச்சத்தில் முதல் முறையாகப் படிக்க வேண்டாம்.

லுசாகா_வாசி | மே 12, காலை 11.05

சிபாட்டா எல்லையில் நுழையும் தேதி உறுதியானதும் தனிச்செய்தி அனுப்புங்கள். லுசாகாவில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, துணியெல்லாம் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு போகலாம்.